மழைப் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் 31 வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதுவதை விட எனக்குப் பிடித்த வேலை ஒன்று இருந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் மழைமானியைத் திறந்து, முதல் நாள் பெய்த மழையை அளந்து எழுதி வைப்பதுதான் அது.

என் பேத்தி உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கிறாள். போன வாரம் அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். இலங்கைப் படத்தில் நான்கு மழைக்காலங்களுக்கும் நான்கு நிறம் தீட்டியிருந்தாள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ், நடுவில் இரண்டு இடைப்பருவங்கள் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். "சரி, ஹட்டனில் உன் சித்தி துணி காயவில்லை என்று ஒரு கிழமையாகப் புலம்புகிறாள். பண்டாரவளை மாமா மரக்கறிக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை என்கிறார். இரண்டும் ஒரே ஜூலைதானே, ஏன் இப்படி?" என்று கேட்டேன். முழித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படம் அவள் கண்டுபிடித்து வரைந்தது இல்லை, பார்த்துத் தீட்டியது.

ஜூலையில் பதுளை ரயிலில் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் விடை கண்ணால் தெரியும். பட்டிப்பொல வரை ஜன்னலை மூடிக்கொண்டு, பனியும் தூறலுமாக வருவோம். பாதையின் உச்சி 1,898 மீற்றர். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஓஹியப் பக்கம் வெளியே வந்தால், எத்தனையோ தடவை, ஊவாவின் பத்தனைப் புல்வெளி மேல் சுள்ளென்று வெயில். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஹட்டன் இருக்கும் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. மிச்சக் காற்று பண்டாரவளை இருக்கும் இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. ஈரக்காற்று ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குளிரும். வறண்ட காற்று அதே ஆயிரம் மீற்றர் இறங்கினால் 10 பாகை சூடேறும். அதனால்தான் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும்போது அது அனல். அங்கே அதற்குப் பெயர் கச்சான் காற்று. பேத்தியிடம் சொன்னபோது, வறுத்த கச்சானா (நிலக்கடலையா) என்று சிரித்தாள். ஆனால் இனி அதை மறக்க மாட்டாள்.

எங்கள் தொழிலுக்கும் இந்தக் காற்றுதான் படியளக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் இந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் ஏறும். மேற்கே திம்புள்ளைப் பக்கத்து நல்ல கொழுந்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் அந்தப் பக்கம் காயும். கொழுந்து எடுக்கும் அம்மாவின் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இதுதான். 12ஆம் தரப் புவியியல் மாணவர்கள் தங்கள் மழைப்படத்தைத் தாங்களே வரையட்டும். தோட்டங்களின் ஆபீசில் அன்றாட மழையளவு எழுதிய மழைப் புத்தகம் இருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று வரிசையாக உள்ள பாடசாலைகள் ஒரே மாதத்தின் கணக்கைத் திரட்டி வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொள்ளலாம். நில அளவைத் திணைக்களத்தின் படத்தாளில் இலக்கங்களைக் குறித்துச் சம அளவு மழை பெய்த இடங்களைக் கோட்டால் இணைத்தால், அந்தக் கோடுகள் மலைத்தொடரோடு ஒட்டி வளைவதைப் பிள்ளை தானே காணும். அதற்கு அப்புறம் ஆசிரியர் விளக்கட்டும்.

மழைப் புத்தகத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு காலத்தில் எங்கள் மழைக்கணக்கு இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தது. வறட்சி என்று தொரை கவலைப்பட்டார். அடுத்த தோட்டத்தில் அப்படி எந்தக் குறைவும் இல்லை. ஒருநாள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். மானிக்குப் பக்கத்தில் நின்ற சவுக்கு மரத்தின் கிளை குடை பிடித்த மாதிரி மேலே வந்திருந்தது. மழை குறையவில்லை, மரம் வளர்ந்திருந்தது. வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தவுடன் கணக்கு சரியானது. இப்படி ஒரு பிழையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

இது பரீட்சைக்கு மட்டும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியதை நாங்கள் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலையகம் சரிந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிக்கிறது. லயனில் இருப்பவருக்கு 75 மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள ஒரு போத்தலும் ஓர் அடிமட்டமும் இருந்தால் பதினாறு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். போத்தல் அகலமா ஒடுக்கமா என்பதில் ஒன்றும் இல்லை, உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழை.

ஒரு மனக்குறையும் உண்டு. நிர்வாகம் மாறிய ஒரு சமயம், எங்கள் தோட்டத்தின் பழைய மழைப் பேரேடுகளை இடத்தை அடைக்கிறது என்று ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அடுப்பில் போட்டார்கள். நான் லீவில் இருந்தேன். வந்து பார்த்தபோது அட்டைகள் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் அளவையும் என் சொந்தக் கொப்பியிலும் எழுதினேன்.

அந்தக் கொப்பிகள் ஒன்பது வீட்டில் இருக்கின்றன. முதல் இரண்டில் கணக்கு அங்குலத்தில், மில்லிமீற்றராக்க 25.4ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கொப்பியின் நவம்பர் பக்கங்களை எலி கடித்துவிட்டது. பரவாயில்லை என்று நினைக்கும் புவியியல் ஆசிரியர் யாராவது மாணவர்களோடு வந்தால், பிரதி எடுக்கத் தருகிறேன்.

இப்படிக்கு,
மு. சி.,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
அப்புத்தளை.