தாலி ஏறிய கதையும் கோர்ட் ஏறிய கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவி சீரியல்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றனவா என்று பட்டிமன்றம் நடத்தியே நமக்கு அலுத்துவிட்டது. சீரியலில் மாமியார் விஷம் கலப்பதைப் பார்த்துவிட்டு எந்த மாமியாரும் விஷம் வாங்கக் கிளம்புவதில்லை. ஆனால் அதே சீரியலில் வரும் கல்யாணச் சட்டத்தையும் டைவர்ஸ் சட்டத்தையும் பலர் அப்படியே நம்புகிறார்கள். தமிழில் தனியார் சேனல் வந்தது 1993-இல். அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைகள்தான் இன்று குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் இரவு எட்டு மணிக்குக் கற்றது. (கிறித்தவர், இஸ்லாமியருக்குச் சட்டம் வேறு. சீரியல் வீடுகள் பெரும்பாலும் இந்து வீடுகள் என்பதால் அந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

முதலில் தாலி. மிரட்டியோ, பெண்ணை மாற்றி உட்கார வைத்தோ கட்டிவிடுகிறார்கள். "கழுத்துல ஏறிடுச்சு, இனி என்னடி பண்றது" என்று பாட்டி சொல்ல, அவள் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். முந்நூறு எபிசோடு கழித்துக் காதல் மலர்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவோ, வற்புறுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. அதற்குக் கெடு உண்டு. மிரட்டல் நின்ற நாளிலிருந்தோ மோசடி தெரிந்த நாளிலிருந்தோ ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். இடையில் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அப்புறம் விவாகரத்துக்கான 13-ஆம் பிரிவில் கொடுமை, கைவிடல் என்று காரணம் காட்டி, அதற்குச் சாட்சியும் கொண்டுவர வேண்டும். "கொஞ்ச நாள் அனுசரிச்சுப் பாரு" என்ற பாட்டியின் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை.

இதில் வேடிக்கை, தமிழ்நாட்டில் கல்யாணத்துக்குத் தாலி கட்டாயமே இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது அதே சட்டத்தில் சேர்ந்த 7-அ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம். எதுவானாலும் இருவரும் மனமுவந்து செய்ய வேண்டும்.

அடுத்தது, ஒரு வாரம் இழுக்கும் கல்யாண எபிசோடுகள். மெஹந்தி, சங்கீத், ஹல்தி எல்லாம் வடக்கத்திச் சீரியல் வழியாக நம்மூர் மண்டபத்துக்கே வந்துவிட்டன. நலங்கும் மஞ்சள் நீரும் வைத்திருந்த ஊருக்கு ஹல்தி எதற்கு என்பது வேறு வழக்கு. மண்டபத்துக்கு வராதது பதிவுச் சான்றிதழ்தான். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். பத்திரிகையில் "பிரியா", ஆதாரில் "பிரியதர்ஷினி" என்று இருந்தால், அதைச் சரிசெய்யும் நேரம் கல்யாணம் முடிந்த கையோடுதான். பத்து வருஷம் கழித்து மனுவில் அந்தப் பெயர் இடறும்.

இனி "டைவர்ஸ் பேப்பர்". கணவன் கவரை மேஜைமேல் வீசுகிறான், அவள் கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறாள், கதை முடிந்தது. நிஜத்தில் வக்கீல் நோட்டீஸ் வெறும் கடிதம். முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வாங்கினாலும், மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாலும் திருமணம் முறியாது. சில சமூகங்களின் அறுத்துக்கட்டும் வழக்கத்தை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே பிரிந்து மறுமணம் செய்வதை, சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டென்று நிரூபிக்கும் பாரம் சொல்பவர் தலையில். மற்றவர்களுக்குக் கோர்ட் தீர்ப்பு ஒன்றே வழி. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவர்மீது, முதல் திருமணம் உயிரோடிருக்கையில் இன்னொன்று செய்த குற்றம் பாயலாம். ஏழாண்டு வரை சிறை. இரண்டு மனைவியரோடு ஒரே கூடத்தில் பொங்கல் வைக்கும் கதாநாயகனுக்கும் அதே குற்றம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் அந்த ஆறு மாதம். "ஆறு மாதம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று நீதிபதி உத்தரவிடுகிறார். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆ (13-B) பிரிவில் இருப்பது இதற்கு நேர் எதிர். பரஸ்பர சம்மத மனு போடவே, குறைந்தது ஓராண்டு கணவன் மனைவியாக வாழாமல் பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் தாம்பத்தியம் இல்லையென்றால் அதுவும் பிரிந்திருப்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. ஆறு மாதம் என்பது மனு போட்டதற்கும் இரண்டாம் முறை வந்து உறுதி சொல்வதற்கும் உள்ள இடைவெளி. 18 மாதத்துக்குள் அந்த இரண்டாம் கட்டம் நடக்க வேண்டும். சமரசம் பலிக்காமல், பிள்ளை, பணம் எல்லாம் பேசி முடித்து, மனுவுக்கு முன்பே ஒன்றரை வருஷம் பிரிந்திருந்தால், அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017 தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இது பலருக்குத் தெரியாது, தெரியாமலே பணத்தை முன்கூட்டி முழுதாகக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறார்கள்.

இருவரும் சேர்ந்து போடும் இந்தக் கூட்டு மனு கெட்டுப்போகும் இடங்கள் சீரியலில் வரவே வராது. "நகைகள் எல்லாம் திரும்பப் பெறப்பட்டன" என்ற ஒற்றை வரி முதல் வம்பு. ஆரம் எத்தனை சவரன், வளையல் எத்தனை ஜோடி, அடகில் இருப்பது எந்த வங்கியில், மீட்பது யார் என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஜீவனாம்சத் தொகைக்கு முதல் நாளே டிடி (வங்கி வரைவோலை) எடுத்து வைப்பது அடுத்த வம்பு. டிடிக்கு மூன்று மாதம்தான் ஆயுள், இரண்டாம் கட்டத்துக்குள் காலாவதியாகிவிடும். பிள்ளையைப் பார்க்கும் நாளை "அவ்வப்போது" என்று எழுதினால் சண்டை நிச்சயம். எந்தக் கிழமை, எத்தனை மணி, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்று இருக்க வேண்டும். "எனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் வேண்டாம்" என்று ரோஷத்தில் தாய் எழுதினாலும் பிள்ளையின் பராமரிப்பு உரிமை போகாது. வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் விவாகரத்தோடு அது தானாக மறையாது. அந்த வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் தனியாக மனு போட வேண்டும்.

கூண்டும் கூட்டமும் கத்தலுமாக ஒரு கோர்ட் சீன் வருமே, அதுவும் பொய். இவ்வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

தங்கள் இதழ் வாராவாரம் சீரியல் பக்கம் வெளியிடுகிறது. சேனல்காரர்கள் அதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். சிகரெட் காட்டினால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது அல்லவா? மிரட்டித் தாலி கட்டும் காட்சிக்குக் கீழும் ஒரு வரி ஓடட்டும்: "இந்தத் திருமணத்தை ரத்து செய்ய ஓராண்டுக்குள் நீதிமன்றம் செல்லலாம்."

இப்படிக்கு,
குடும்பநல நீதிமன்ற ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
திருச்சி.