டயாலிசிஸ் செய்துகொள்ளும் தொழிலாளர்களுக்கு வேலைநேரத் தளர்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. அரசு மருத்துவமனைகளாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தாலும் சிகிச்சைச் செலவின் சுமை பலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் வேலையில் இருப்பவர் அந்த நேரத்துக்கு எங்கே போவார் என்பதை எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தரும் 12 நாள் மருத்துவ விடுப்பு, இப்படிப்பட்டவருக்கு நான்கே வாரங்களில் தீர்ந்துவிடும். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டம் இதைவிடத் தாராளமானதுதான். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நோய்களுக்கு, தகுதி பெற்ற தொழிலாளி சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டுகள் வரை பெற முடியும். ஆயினும் அந்தப் பணம் வேலைக்கு வராத நாளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், காலையில் சிகிச்சை முடித்துப் பிற்பகலில் களைப்போடு வந்து அரைநாள் உழைப்பவருக்கு மிஞ்சுவது சம்பள வெட்டுதான். இத்திட்டத்தில் சேர 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாதச் சம்பள வரம்பைத் தாண்டியவர்களுக்கோ இதுவும் இல்லை. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியாவையும் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நரம்பு நோயையும் சேர்த்துக்கொண்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் சிறுநீரகச் செயலிழப்பு இடம்பெறவில்லை என்பதால், அந்த வழியும் இவர்களுக்கு அடைபட்டிருக்கிறது.

இவர்கள் கேட்பது பெரும் சலுகை அல்ல. வாரந்தோறும் மாறாத ஷிப்ட், மணிக்கணக்கில் எடுக்கக்கூடிய விடுப்பு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் வழி) வைத்த கையால் சுமை தூக்க வேண்டியிராத வேலை ஆகியவை போதும். நல்ல மேற்பார்வையாளர் வாய்த்த இடங்களில் இவை இன்றும் கிடைக்கின்றன. அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடுகின்றன (புதிதாக வருபவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையில் விதி எதுவும் இல்லை). கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய தமிழக அரசு, நாள்பட்ட நோயாளிகளின் வேலைநேரத்துக்கும் எழுத்துப்பூர்வமான விதி ஒன்றைத் தொழிலாளர் துறை வழியாகக் கொண்டுவர வேண்டும்.

கூடவே, தொழிற்பேட்டைகளை ஒட்டிய அரசு மருத்துவமனைகளில் இரவு நேர டயாலிசிஸ் கூடுதலாக அமைந்தால், விடுப்புக் கேட்டு நிற்க வேண்டிய நிலையே பலருக்குக் குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அலுவலர்,
அம்பத்தூர், சென்னை.