அந்தப் பதிவேடுகளைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டு லுத்தரன் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

என் தாத்தாவும் நானும் ஒரே லுத்தரன் பள்ளியில் படித்தவர்கள். அவர் எந்த வருடம் சேர்ந்தார் என்று பார்க்க ஒருமுறை அங்கே போனேன். எழுத்தர் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். மேலே இருந்த சேர்க்கைப் பதிவேட்டின் அட்டை கையோடு வந்துவிட்டது. உள்ளே தாளெல்லாம் கரையான் மண். ஒரு துண்டில் மட்டும் நான்கு வரி பிழைத்திருந்தது: ஊதா மையில் ஒரு பையனின் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில் என்ற கட்டத்தில் 'கூலி'. என் தாத்தா அதில் இல்லை. ஆனாலும் அந்தப் பையனை மறக்க முடியவில்லை.

நம் பள்ளிகளின் ஆண்டு மலரைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஒரு ஐரோப்பிய மிஷனரியின் படம், அடுத்ததில் அடிக்கல், அதன்பின் தாளாளர்களின் வரிசை. மிஷனரிகளைக் குறை சொல்லவில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் எழுத்தைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் கற்றார். சொல்லிக்கொடுத்தவர் ஒரு முதிய தமிழ் வாத்தியார். பேச்சும் பொருளும் புரியவைத்தவர் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர். நம் லுத்தரன் கல்வியின் தொடக்கமே ஒரு தமிழ் ஆசிரியரிடம் பாடம் கேட்டதுதான். அந்த வாத்தியாருக்கு எந்த மலரில் இடம் கொடுத்தோம்?

அந்தக் காலத்தைப் பற்றி இவ்வளவாவது தெரிவதற்குக் காரணம், அங்கிருந்து போன கடிதங்களையும் அறிக்கைகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பத்திரமாக வைத்திருப்பதுதான். தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே இருக்கின்றன. 1708இல் சீகன்பால்கு தொகுத்த தமிழ் நூல் பட்டியலும் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பின்னாளின் கதைக்குத்தான் நம்மிடம் சான்று குறைவு. 1845இல், தரங்கம்பாடியைக் கையில் வைத்திருந்த டேனிஷ்காரர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். பள்ளிகளை நடத்தும் வேலை ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிடம் போனது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஸ்வீடன் மிஷன் கைகொடுத்தது, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. இத்தனை கைமாறலுக்கு நடுவிலும் காலையில் மணியடித்து வகுப்பெடுத்தவர்கள் யார்? நம் ஊர் ஆசிரியர்களும் ஆசிரியைகளும்தான். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும்தான் இருக்கும். கூலிக்காரரின் பிள்ளை எந்த வருடம் முதன்முதலாக அந்த வாசலுக்குள் வந்தான், பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்போடு நின்றார்கள் என்பதற்கும் அந்தத் தகரப் பெட்டியை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அதனால் கேட்கிறேன். அடுத்த மலருக்கு விளம்பரம் பிடிக்கும் முன், அந்தப் பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி இரும்பு அலமாரியில் வையுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய தாள்களைக் கையாளும் முறை தெரியாவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அவர்களுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்யுங்கள், இந்த வருடமே.

ஆள் இல்லை என்று எந்தப் பள்ளி சொன்னாலும் நானும் என் வகுப்புத் தோழர்கள் மூன்று பேரும் சனிக்கிழமைகளில் வருகிறோம். அறைச் சாவியை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
லுத்தரன் பள்ளியின் பழைய மாணவன்