டிகிரி வாங்கியவன் எழுதுவது

அன்புள்ள மணி,

உன் பேத்தி காதுகுத்துக்கு வராததற்கு ஒன்றரைப் பக்கம் சமாதானம் எழுதிப் பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை, கிழித்துவிட்டேன். முழங்கால் வலி, கடை, கோர்ட்டு. இதில் கடைசியாகச் சொன்னதுதான் நிஜக் காரணம்.

விஷயம் என்னவென்றால், நான் டிகிரி வாங்கிவிட்டேன். மூன்று அரியரோடு காலேஜை விட்டு ஓடிவந்தவனுக்கு அறுபத்தொரு வயதில் கோர்ட்டு போட்டுக் கொடுத்த டிகிரி, அதாவது தீர்ப்பாணை. நம்ம கான்ட்ராக்டர்தான் எதிராளி. பெயர் எழுதவில்லை, டூரிங் டாக்கீஸ் என்றால் உனக்குப் புரியும். கம்பியும் சிமென்ட்டும் எடுத்த பாக்கி 2,80,000. 2019-இல் போட்ட வழக்குக்கு 2024-இல் தீர்ப்பு. வட்டியும் செலவுத்தொகையும் சேர்த்து எனக்கே சாதகம். அன்று வக்கீலுக்கு அசோகா வாங்கிக் கொடுத்துவிட்டு, பணம் எப்போது சார் வரும் என்று கேட்டேன். வாயில் அல்வாவோடு சிரித்தார். "இனிமேதான் சார் கேஸே!"

நம் நாட்டில் வழக்காடுகிறவனுடைய கஷ்டமே டிகிரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று 1872-லேயே லண்டனில் இருந்த மேல்கோர்ட்டான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டதாம். வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பணத்தை வசூலிக்க இ.பி. என்று தனியாக ஒரு நிறைவேற்று மனு, தனி வாய்தா. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021-இல் சொன்னது. 2025-இல் எண்ணிப் பார்த்தால் நாடு முழுக்க 8.8 லட்சம் மனு தேங்கிக் கிடந்தது. அதில் ஒன்று என்னுடையது.

ஜப்திக்கு உத்தரவு வாங்கி, பேட்டா கட்டி, ஜப்தி செய்கிற கோர்ட்டு ஊழியரான அமீனாவை என் வண்டியிலேயே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் நுழையக் கூடாதாம், வழியெல்லாம் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் வீட்டில் இல்லை. அவன் பெண்டாட்டி கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்றது. டி.வி. மருமகன் வாங்கியது, பில் இருக்கிறது. ஸ்கூட்டர் மகள் பேரில். சமையல் பாத்திரம், பாய் தலையணை, தாலி இதையெல்லாம் சட்டப்படி தொடக் கூடாது. மிஞ்சியது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் அமீனா எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த அம்மா இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தது. நான் குடித்தேன் மணி. ஜப்திக்குப் போன இடத்தில் மோர் குடித்துவிட்டு வந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

வீடு? வழக்குப் போட்ட இரண்டாம் மாதமே பெண்டாட்டி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டான். வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடன்காரனை ஏமாற்றத்தான் எழுதினான் என்று காட்டி அதையும் ஜப்தி கேட்கலாம், ஆனால் இன்னொரு வழக்கு மாதிரி இழுக்கும் என்கிறார் வக்கீல். தீர்ப்புக்கு முன்பே வீட்டை முடக்கச் சொல்லி மனு போட்டிருக்கலாமாம். அதை அப்போதே சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

அடுத்தது சிவில் சிறை. அதிகபட்சம் மூன்று மாதம். உள்ளே அவன் சாப்பாட்டுக்கு நான் படி கட்ட வேண்டும். வெளியே வந்தாலும் கடன் தீராது. அதற்கும் அவனிடம் பணம் இருக்கிறது, வேண்டுமென்றே தர மறுக்கிறான் என்று நான் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஏழையைச் சிறையில் போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி கிருஷ்ணய்யர் 1980-இல் எழுதிய தீர்ப்பு இருக்கிறது. நியாயமான தீர்ப்புதான், எனக்கு எதிராக இருப்பதுதான் சங்கடம். அந்த மோர் டம்ளரை நினைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. தொலையட்டும், விட்டுவிடலாம் என்றுகூட என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் 2019-இல் அடகு வைத்த வளையல் ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சரி, இப்போது உன் வேலைக்கு வருகிறேன். போன வாரம் கடைப்பையன் செல்லில் ஒரு போட்டோ காட்டினான். நம்மாள் சரவணம்பட்டியில் நாலு மாடிக் கட்டடத்துக்கு முன்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்டு நிற்கிறான், மாலையெல்லாம் போட்டிருக்கிறார்கள். உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே? அந்த பில்டர் இவனுக்கு பில் பாக்கி வைத்திருந்தால், டிகிரியைக் கோவை கோர்ட்டுக்கு மாற்றி, அந்தப் பணத்தை இவன் கையில் கொடுக்காமல் கோர்ட்டில் கட்டச் சொல்லி உத்தரவு வாங்கலாம். அதற்கு பில்டர் பெயரும் விலாசமும் வேண்டும். காலையில் வாக்கிங் போகிற சாக்கில் போர்டை போட்டோ எடுத்து அனுப்பு. டிகிரி வாங்கி 12 வருஷத்துக்குள் மனு போட்டால் போதுமாம், எனக்கு எழுபத்துமூன்று வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் அவன் பில் அதற்கு முன்னால் பட்டுவாடா ஆகிவிடும். அதனால் இந்த வாரமே போ.

அவன் எதிரே வந்தால் நின்று பேசாதே. கைமாற்றாக ஐயாயிரம் கேட்பான், நீயும் கொடுத்துவிட்டு வருவாய்.

உன்,
கும்பகோணத்து டிகிரி