விளிம்பைக் காட்டுங்கள்: பதக்கம் ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏல நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நாணயங்களோடு ராணுவப் பதக்கங்களையும் ஏலம் விடும் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அண்மையில் நடந்தது உங்களில் ஒருவருக்கு நேரடியாகத் தெரியும், மற்றவர்கள் காதுக்கும் வந்திருக்கும். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே இழுக்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: பதக்கத்தின் விளிம்பைக் காட்டிவிட்டு விற்பனை செய்யுங்கள்.

அண்மையில் ஏலம் போன அந்தப் பொருள் ஒரு ஐ.டி.எஸ்.எம். பதக்கம், அதாவது பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய வீரர்களுக்குக் கொடுத்த சிறப்புச் சேவைப் பதக்கம். 1907-ல் ஏற்படுத்தப்பட்டது, வெள்ளி, கருநீல ரிப்பனின் நடுவில் செந்நிறப் பட்டை. விளிம்பில் முதல் உலகப் போரின்போது மெசபடோமியா போன மெட்ராஸ் சாப்பர் (ராணுவப் பொறியியல் படை வீரர்) ஒருவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு. ஏலத்தில் எடுத்தவர் அந்த வீரரின் பேரன். எங்கள் வேலூர்ப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். தாத்தாவின் பதக்கம் ஒரு கஷ்ட காலத்தில் வெள்ளி விலைக்குப் போய்விட்டது என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். கேட்லாகில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மனைவியின் ஆரத்தை அடகு வைத்தார். ஏலத்தொகைக்கு மேல் உங்கள் கமிஷன், அதற்கு மேல் வரி, எல்லாவற்றையும் சொன்ன தேதிக்குள் கட்டினார்.

பதக்கம் வந்த பிறகு என்னிடம் கொண்டுவந்தார். வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தேன். பெயர் இல்லாத இடத்தில் 36 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறைந்தது. லென்ஸில் பார்த்தால் மன்னரின் கன்னம் தேய்ந்து மழுங்கியிருக்கிறது, எழுத்துகளின் முனை மட்டும் நேற்று வெட்டியது போலக் கூராக நிற்கிறது. அரம் போட்ட கீறல்கள் எழுத்துகளுக்கு அடியில் ஓடுகின்றன. வேறு யாருக்கோ கொடுத்த பதக்கத்தில் அவர் பெயரை ராவி எடுத்துவிட்டு, இந்தத் தாத்தாவின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ராவப்பட்டவரும் எங்கோ ஒரு களத்தில் உயிரைப் பணயம் வைத்து அதை வாங்கியவர்தானே? அவர் பெயர் இனி யாருக்கும் கிடைக்காது.

இதைச் சொன்னதும் பெரியவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ தாத்தா இதத் தொட்டதே இல்லையா தம்பி?"

கேட்லாகில் முன்பக்கமும் பின்பக்கமும் பளபளவென்று அச்சாகியிருந்தன. விளிம்புக்கு ஒரு படம்கூட இல்லை. எடை இல்லை, விட்டம் இல்லை, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரியும் இல்லை. "மிக அரிது" மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: பெயர் கெஜட்டில் இருக்கிறது, பொருள் இருக்கும் நிலையிலேயே விற்கப்பட்டது, திரும்ப எடுக்க இயலாது.

கெஜட்டில் இருக்கத்தான் செய்யும். பெயர் வெட்டியவனும் அதே கெஜட்டைத்தான் புரட்டியிருப்பான். இன்று எத்தனையோ பதக்கப் பட்டியல்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். பட்டியலில் பெயர் இருந்தால் அப்படி ஒரு வீரருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது என்பது உறுதியாகும். உங்கள் மேசையில் இருப்பது அதே பதக்கம்தானா என்பதை உலோகமும் விளிம்பும் அது கைமாறி வந்த வரலாறும்தான் சொல்ல முடியும். தொலைந்த பதக்கத்துக்குப் பதிலாக வீரரே இன்னொன்றை வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டதும் உண்டு, அதை மறுக்கவில்லை. அப்படியானால் "பெயர் மாற்றி வெட்டப்பட்டது" என்று எழுதிவிடுங்கள். லண்டனில் பெயர் பெற்ற ஏலக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், வாங்குகிறவர்களும் அதைத் தெரிந்தே வாங்குகிறார்கள்.

பெயரே பொறிக்காத பதக்கங்களின் கதை இன்னும் மோசம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காக இங்கிலாந்தின் சோஹோ நாணய அச்சாலையில் அடித்த பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திப்புவின் புலியைப் பிரிட்டிஷ் சிங்கம் வீழ்த்தும் அந்தப் பதக்கம் தளபதிகளுக்குத் தங்கத்திலும், அடுத்தடுத்த பதவிகளுக்கு முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்றும், சிப்பாய்க்கு வெள்ளீயத்திலும் கொடுக்கப்பட்டது. விலையை முடிவு செய்வது உலோகம். வெண்கலத்தின்மேல் முலாம் பூசிவிட்டால் ஒரே நாளில் பல படி பதவி உயர்வு. அதையும் இரண்டு படத்தோடு விற்கிறீர்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் என்றால் உலோகத்தை எக்ஸ் கதிரில் சோதித்துப் பார்க்கிறார்கள், 1856 முதல் அந்தப் பதக்கத்தைச் செய்துவரும் லண்டன் நகைக்கடை ஹான்காக்ஸின் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சிப்பாயின் பதக்கத்துக்கு ஒரு பக்கவாட்டுப் படம் எடுக்க உங்களுக்கு நேரமில்லை. கமிஷன் என்னவோ எல்லாவற்றுக்கும் வாங்குகிறீர்கள்.

சட்டமும் துணைக்கு வரவில்லை. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பழம்பொருளை நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை எல்லா கேட்லாகிலும் கவனமாக அச்சிடுகிறீர்கள். பதக்கம் அசல்தானா என்ற கேள்விக்கு மட்டும் பக்கம் கிடைப்பதில்லை. வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் தாத்தாவின் பதக்கத்தைத் தேடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்து ஏமாறப்போவது அவர்கள்தான்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த கேட்லாகிலிருந்து ஒவ்வொரு பதக்கத்துக்கும் விளிம்பு முழுவதையும் படமெடுத்துப் போடுங்கள். எடையையும், இரண்டு மூன்று இடத்தில் அளந்த விட்டத்தையும் கொடுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்த வரைக்கும் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். பெயர் மாற்றப்பட்டது என்று பின்னால் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்பதை விதிமுறையில் சேருங்கள்.

அப்புறம், அந்தப் பெரியவரின் பதக்கம். அதைத் திருப்பி அனுப்ப அவர் தயாராக இருக்கிறார். உங்களில் அதை விற்றவர் யாரோ, அடகு வட்டி இன்னும் ஏறுவதற்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு பதக்க ஆர்வலர்