கப்பலுக்கு ஒரு நாள் முந்திப் போய்விடு

ராயபுரம், சென்னை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் ஏஜென்ட் போட்டுக்கொடுத்த பயணத் திட்டத்தின் நகலும் வந்து சேர்ந்தன. நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீயும் அண்ணனும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று கப்பலில் போய்வரப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இவருக்கும் வாசித்துக் காட்டினேன். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது சொட்டு மருந்து மட்டும்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணுகிறாள். வசந்தா பாட்டி இதைவிடப் பெரிய கப்பலில் போகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"எத்தனையோ வருஷம் பாரிமுனையில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருந்தவள் நீ, ஒரு பார்வை பார்த்துச் சொல்லடி" என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். கப்பலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வரும். என் கவலையெல்லாம் நீங்கள் அதில் ஏறுவதற்கு முந்தைய ஒன்றரை நாளைப் பற்றித்தான்.

ராத்திரி கும்பகோணத்தில் ரயில் ஏறி, விடிந்ததும் எழும்பூர். அன்று நள்ளிரவு விமானம். மறுநாள் காலை சிங்கப்பூர். அன்று மாலையே கப்பல். தாளில் எல்லாம் பொருந்தித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் புறப்படுவது டிசம்பர் இரண்டாம் வாரம். வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12 அன்று. மிக்ஜாம் நம்மை மூழ்கடித்தது 2023 டிசம்பர் 4 அன்று. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. மூன்றுக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடினார்கள். மிக்ஜாமின்போது ரயில்களும் நின்றுபோயின. புக்கெட் பக்கம் டிசம்பரில் கடல் அமைதியாக இருக்கும், அதனால்தான் அந்தச் சமயத்தில் அங்கே கூட்டம். அதே மாதம் நம் கரைக்குப் புயல் மாதம். கப்பல் கம்பெனி அந்தக் கடலைப் பார்த்துத் தேதி வைக்கிறது. நீ இந்தக் கடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, விமானத்தை ஒரு நாள் முன்னதாக மாற்றச் சொல். முடிந்தால் இரண்டு நாள். சென்னைக்கும் ஒரு நாள் முந்தி வந்து எங்கள் வீட்டில் தங்கு. சிங்கப்பூரில் ஒரு ராத்திரி ஓட்டல் செலவு கூடும்தான், ஆனால் கப்பலைத் தவறவிட்டால் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் நிதானமாக மெரினா பே துறைமுக முனையத்துக்குப் போகலாம்.

"அரை மணி நேரம் தாமதமானால் காத்திருக்க மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறாய். மாட்டார்கள். இரக்கம் இல்லாமல் அல்ல. ஒரு கப்பல் கிளம்பும் நேரத்துக்கு, அதைத் துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வெளியே கொண்டுபோகும் பைலட்டைக் குறித்திருப்பார்கள், இழுவைப் படகுகள் குறித்திருப்பார்கள். அது விட்டுப்போகும் பெர்த்துக்கு, அதாவது கரையை ஒட்டிக் கப்பல் நிற்கும் இடத்துக்கு, இன்னொரு கப்பல் வெளியே காத்திருக்கும். அடுத்த துறைமுகத்திலும் இதே ஏற்பாடு இவர்களுக்காகக் காத்திருக்கும். ஒரு மணி நேரம் பிசகினால் எத்தனை இடத்தில் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று பில் போட்டுப் பார்த்தவள் நான். போதாததற்கு, பயணிகளின் பெயர்ப் பட்டியலைக் குடியேற்ற அதிகாரிகளிடம் கொடுத்து முடித்திருப்பார்கள். அதனால் கப்பல் மாலை ஐந்து மணிக்கு என்றால் ஏறும் வாசலை அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னாலேயே மூடிவிடுவார்கள். தாளில் இருப்பது புறப்படும் நேரம். உனக்கு வேண்டியது வாசல் மூடும் நேரம். ஏஜென்டிடம் அதைக் கேட்டு வாங்கு. தவறவிட்டவர்கள் பினாங்குக்குப் பறந்துபோய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். கம்பெனி சம்மதிக்க வேண்டும், அந்த நாட்டுக்குள் நுழையும் தகுதியும் இருக்க வேண்டும். இரண்டும் கேட்டவுடன் கிடைத்துவிடாது.

எங்கள் மாடிவீட்டு மாமாவும் மாமியும் போன வருஷம் ஐரோப்பாவில் கப்பல் ஏறினார்கள். இதே மாதிரி அதே நாள் விமானம். விமானம் தாமதம். ஆட்கள் எப்படியோ ஓடிப்போய் ஏறிவிட்டார்கள், பெட்டிகள் நடுவழியில் மாற வேண்டிய விமானத்தில் ஏறவில்லை. மாமாவின் ரத்த அழுத்த மாத்திரை முழுவதும் பெட்டிக்குள். கப்பல் டாக்டர் நல்ல மனுஷராம், வேறு மாத்திரை கொடுத்துச் சமாளித்தார், ஆனால் அந்த பில்லைப் பார்த்து மாமி அழுதுவிட்டாள். கப்பல் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க, பெட்டிகள் பின்னாலேயே துரத்திக் கடைசி வரை பிடிக்கவில்லை. அவர்கள் சென்னை திரும்பிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தன. விமானம் சரியான நேரத்துக்குப் போனாலும் துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டுவருவார்கள். அண்ணனின் இன்சுலின், மாத்திரைகள், டாக்டர் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடுப்பு எல்லாம் உன் தோள்பையில் இருக்கட்டும். டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயரையும் எழுதி வாங்கு. பிராண்ட் பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

கப்பல் ஆஸ்பத்திரியில் நம் ஊர் மெடிக்ளைம் செல்லாது. பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது அண்ணனின் சர்க்கரையை மறைக்காமல் எழுது. பிரீமியம் ஏறட்டும். மறைத்து எடுத்த பாலிசி அவசரத்தில் கைகொடுக்காது. கப்பல் பயணம் அந்த பாலிசியில் சேர்த்தியா, கடலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா, புறப்பாட்டைத் தவறவிட்டால் ஏதாவது தருவார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேள். வாய்வார்த்தையை நம்பாதே.

இப்போது பெயர் விஷயம். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டிருப்பார்கள், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். ஏஜென்ட் ஆபீஸ் பையன் ஆதாரைப் பார்த்து டிக்கெட் போட்டால் விமானத்தில் ஒரு பெயர், கப்பலில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். திரும்பிவரும் தேதிக்கு மேலும் ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாதானா என்றும் பார். கப்பல் பினாங்கு, புக்கெட் போய் மறுபடி சிங்கப்பூருக்குத்தான் வருகிறது, அப்போது நீங்கள் இரண்டாம் தடவை நுழைகிறீர்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருஷம் போய்வந்தவர் சொல்வதைக் கேட்காதே, புறப்படும் மாதத்தில் ஒருமுறை சரிபார்.

பணம் கட்டுவதில் கவனம் வேண்டும். பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதற்குச் சம்மதிக்காதே. கார்டில் கட்டு, ரசீது வாங்கு. அவர் தரும் முன்பதிவு எண்ணைக் கப்பல் கம்பெனியிடமே நேராகக் கேட்டு உங்கள் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடு. எந்தத் தேதி வரை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைக் காலண்டரில் குறித்துவை. நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே வராது.

இன்னொன்றையும் மனசில் போட்டுக்கொள். சொன்ன ஊருக்குக் கப்பல் போகாமலும் இருக்கலாம். 2022 ஜூனில் நம் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் தொடங்கியபோது எவ்வளவு கொண்டாட்டம்! முதலமைச்சரே வந்து கொடியசைத்தார். விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வருவதாக இருந்தது. புதுச்சேரி அரசு அனுமதி தராததால் பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை. காற்று, அலை, அரசு உத்தரவு, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவது என்று எதுவும் காரணமாகலாம். ஊரை விட்டுவிடும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே இருக்கும். திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும்தான். புக்கெட்டில் கப்பல் பல சமயம் கரையை ஒட்டாமல் தள்ளி நிற்கும், சிறு படகில்தான் இறங்க வேண்டும். உன் முழங்காலுக்கு அது சரிப்படுமா என்று அன்று காலை அலையைப் பார்த்து முடிவு செய். இறங்காமல் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது வீணான நாள் இல்லை.

பினாங்கில் நீ இறங்கியே ஆக வேண்டும். உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போன கதையை உங்கள் வீட்டுத் திண்ணையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அந்த ஊருக்குத்தான் போகிறாய். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா பக்கம்தான். குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது, தெருமட்டத்திலேயே இருக்கிறது, நிம்மதியாகப் போகலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறு படிக்கு மேல். ஆசையிருந்தாலும் வேண்டாம், அடிவாரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்.

இறங்கும் நாளில் நேரம்தான் முக்கியம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே மணி. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் மணியை மாற்றாமலே வைத்திருந்தால், புக்கெட்டில் உன் செல்போன் மட்டும் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். இன்னும் நேரம் இருக்கிறதென்று கடைவீதியில் நின்றுவிடுவீர்கள், அங்கே கப்பல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும். அண்ணனின் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தைக் கப்பல் மணிக்கு வைத்துக் கட்டச் சொல், அதை மட்டும் பார். வெளியில் டாக்சி பேசுவது மலிவுதான். ஆனாலும் தூரமான இடத்துக்குக் கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போ. அவர்கள் பஸ் தாமதமானால் அவர்களே பொறுப்பேற்பார்கள். நடக்கிற தூரத்துக்குத் தனியாகப் போகலாம். கடலில் இருக்கும்போது போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடு, இல்லாவிட்டால் அது கப்பலின் சாட்டிலைட் இணைப்பைப் பிடித்து பில் ஏற்றிவிடும்.

இதையெல்லாம் மீறித் தவறிப்போனால் என்ன செய்வது? என் வேலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலுக்கென்று உள்ளூர் ஏஜென்ட் இருப்பார். உனக்கு டிக்கெட் போட்டவர் இல்லை, கப்பலின் கரைவேலையைக் கவனிக்கிறவர். நாங்கள் அதைத்தான் செய்தோம். வயிற்று வலியில் துடித்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவரை நடுராத்திரி இறக்கி, குடியேற்றச் சீட்டு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, குணமானதும் ஊருக்கு அனுப்பும் வரை எங்கள் ஆபீஸ் தூங்கவில்லை. அவருடைய அம்மா பிறகு எழுதிய கடிதத்தை எங்கள் மேனேஜர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். பயணி திரும்பி வராவிட்டால், அறையில் இருக்கும் அவர் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் பெரும்பாலும் அந்த ஏஜென்டிடம்தான் விட்டுப்போவார்கள். அவர் போன் நம்பர் தினமும் அறைக்கு வரும் கப்பல் செய்தித்தாளில் அச்சாகியிருக்கும். அந்தத் தாளைக் கைப்பையில் வைக்காமல் கரையில் கால் வைக்காதே. பாஸ்போர்ட் நகலும் கூடவே இருக்கட்டும்.

ஏறிய அன்று ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். கால் வலிக்கிறது என்று அறையிலேயே இருந்துவிடாதே. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு அந்த ஒத்திகை இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும்போதே ஒத்திகை நடத்த வேண்டும் என்று உலக விதியை இறுக்கினார்கள். உங்கள் கூடுமிடம் எது, உன் அறையிலிருந்து எந்தப் படி என்று அண்ணனோடு ஒருமுறை நடந்து பார்.

சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது சோப்புப் போட்டுக் கை கழுவு. வாசலில் வைத்திருக்கும் ஜெல் கப்பல்களில் பரவும் வாந்திபேதிக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. அறையை நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேள், ஆட்டம் குறையும். அண்ணனுக்குச் சோறு ஆக்க ரைஸ் குக்கர் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடு, ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். சைவச் சாப்பாடு வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்தால் நன்றாகவே செய்து தருகிறார்கள்.

இந்த வாரமே விமானத் தேதியை மாற்றச் சொல்லிவிடு. தாமதித்தால் டிக்கெட் விலை ஏறும். இரண்டு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும், கப்பல் டிக்கெட் நகலையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெயர்களை ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன். எழும்பூருக்கு இவர் வந்து அழைத்து வருவார். மாடி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் கமலா