வளைவு கட்டுமுன் பீரோவைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்தால் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பள்ளிகளில் முன்னாள் மாணவர் சந்திப்புகள் வரிசைகட்டும். நுழைவாயில் வளைவு, பெயர் பொறித்த கல்வெட்டு, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை என்று செலவாகிறது. பொன்னாடை இருக்கட்டும். அதே பள்ளியின் அலுவலகத்தில், ஈரச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்குள் சேர்க்கைப் பதிவேடுகளும் பழைய குரூப் போட்டோக்களும் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. முன்னாள் மாணவர் சங்கங்கள் முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான்.

1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்றவற்றுக்கு வசதி உண்டு. நான் சொல்வது அரசுப் பள்ளிகளையும் எஸ்டேட் பள்ளிகளையும். அங்கே சேர்க்கைப் பதிவேடு வெறும் நினைவுப் பொருள் அல்ல. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாமல் வளர்ந்த பலருக்குப் பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எந்த ஆண்டில் எங்கே இருந்தார்கள் என்பதற்கும் அதைத்தான் புரட்ட வேண்டும்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை கிளம்பிவிடும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்கு. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பின்னதுதான் கடுமை. ஆகவே இந்த வேலைக்கு ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் தோது. இரவில் உறைபனி விழுந்தாலும் பகலில் காற்று உலர்ந்திருக்கும். சந்திப்பையும் அப்போதே வைத்தால் சீசன் கூட்டமும் அறை வாடகையும் மிச்சம்.

முதலில் பீரோவை வெளிச்சுவரிலிருந்து உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். இரவில் குளிரும் வெளிச்சுவரில் ஈரம் படியும். அதை ஒட்டிய தகடும் வியர்க்கும். சுவருக்கும் பீரோவுக்கும் 10 செ.மீ. இடைவெளி, அடியில் மரக்கட்டை. பீரோவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுப் பயனில்லை, இடுக்கு வழியே வெளியீரம் வந்துகொண்டே இருக்கும். இறுக்கமாக மூடும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் கால் கிலோ போட்டால் வேலை செய்யும். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால், மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். குண்டு பல்பை உள்ளே எரியவிடும் மலை வழக்கம் கம்பளித் துணிக்குச் சரி, காகிதத்துக்கு ஆபத்து. வசம்புப் பொட்டலம் பூச்சியைத் தடுக்கும், பூஞ்சையைத் தடுக்காது. அந்துருண்டையும் அப்படியே.

பூஞ்சை பிடித்த பதிவேட்டை ஈரத்துணியால் துடைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும். வெயிலில் போட்டால் மை வெளுக்கும், தாள் சுருளும். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் உலரவிடுங்கள். வெல்வெட் போலிருந்த பூஞ்சை பொடியானபின், என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியே வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தைத்த ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிய போட்டோவைப் பிரிக்கவே கூடாது. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே வைத்துப் படமெடுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பள்ளிக்குள்ளேயே நகலெடுக்க வேண்டும். பதிவேடு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஒருவர் பக்கம் திருப்ப, ஒருவர் எடுக்க. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். ஸ்கேனர் இருந்தால் போட்டோவுக்கு 600 டிபிஐ, தனித்தாள்களுக்கு 300. தடித்த பதிவேட்டை ஸ்கேனரில் அழுத்தினால் தையல் விட்டுப்போகும், அதற்குக் கேமராதான். மூன்று நகல் எடுத்து, ஒன்றைக் கோவையிலோ மதுரையிலோ இருக்கும் உறுப்பினரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். சாதி, பெற்றோர் பெயர், வீட்டு முகவரி எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.

சந்திப்பு நாளில் டிஜே வைப்பதற்குப் பதில் பெயர் சேர்க்கும் மேஜை ஒன்று போடலாம். பழைய குரூப் போட்டோவை ஏ3 அளவில் பிரின்ட் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்துத் தலைகளைக் கோடாக வரைந்து எண் கொடுங்கள். வந்தவர்கள் எண்ணுக்கு நேரே பெயர் எழுதட்டும். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் ஏற்கலாம். ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறி. ஒரே முகத்துக்கு நாலு பெயர் வரும், சண்டையும் வரும், அதுவே நல்ல நிகழ்ச்சி. மூலப் படத்தின் பின்னால் எழுதத்தான் வேண்டுமென்றால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

நன்கொடையை அரசுப் பள்ளிக்குக் கொடுக்க ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. தடையாக இருப்பது அனுமதிதான். பதிவேட்டை வெளியாட்கள் தொடலாமா என்று தலைமையாசிரியர்கள் தயங்குவது நியாயமே. ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் நகலெடுக்கலாம் என்று மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், வரும் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்